பிட்காயினும் பாபாசாகேப் கேட்ட கேள்வியும்

கிரிப்டோவுக்குச் சாதி தெரியாது என்கிறார்கள். வங்கிக்குப் போனால் ஊரைக் கேட்பார்கள், பிறகு எந்தத் தெரு என்றும் கேட்பார்கள். பிட்காயின் எதையும் கேட்காது என்கிறார்கள். அடமானம் வைக்க நிலம் வேண்டாம், ஜாமீன் கையெழுத்துக்கு ஆள் தேட வேண்டாம், கையில் ஒரு செல்போன் இருந்தால் போதுமாம். நம் மாணவர்களிடையே இந்தப் பேச்சு நன்றாகவே எடுபடுகிறது. "அதெல்லாம் சூதாட்டம் தம்பி, படிக்கிற வேலையைப் பார்" என்று ஒரே வரியில் முடித்துவைக்கும் பெரியவர்களோடு நாம் சேர விரும்பவில்லை. எடுபடுவதற்குக் காரணம் இருக்கிறது. அது நம் வரலாற்றிலேயே இருக்கிறது. ஆனால் ஒடுக்கப்பட்ட மக்களிடம் "இதோ உனக்கான பணம்" என்று வந்தவர்களில் இவர்கள் முதல் ஆட்கள் அல்ல. கிரிப்டோ எல்லோருக்கும் நன்மை செய்யுமா என்று கேட்கும்போது அந்தக் கதைகளையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் நம் பக்கக் கதை. யார் எதைச் சேர்த்து வைக்கலாம், யார் சேர்க்கவே கூடாது என்பதற்கான சட்டமாகவும் சாதி இருந்தது. மனுஸ்மிருதியின் 10ஆம் அத்தியாயம் சண்டாளரின் செல்வம் நாயும் கழுதையும்தான், அவர்களின் அணிகலன் இரும்புதான் என்கிறது. அது ஏட்டோடு நின்ற விதி என்று யாராவது சொன்னால் அவர்களை ராமநாதபுரத்துக்கு அழைத்துப் போவோம். 1930 டிசம்பரில் அந்த மாவட்டத்தின் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை அறிவித்தார்கள். பொன்னும் வெள்ளியும் அணியக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. கீழ்ப்படியாதவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, ஆடு மாடுகள் கொள்ளை போயின. 1931 ஜூனில் எட்டு 11 ஆனது. பிள்ளைகள் எழுத்துப் படிக்கக் கூடாது; சொந்தமாக வைத்திருக்கும் நிலத்தை மிராசுதாருக்கு மலிவு விலைக்கு விற்றுவிட வேண்டும்; காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை உழைத்தால் ஆணுக்கு 4 அணா, பெண்ணுக்கு 2 அணா. இதையெல்லாம் பதிவு செய்து வைத்திருப்பவர் 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆணையர் ஜே.எச். ஹட்டன்.

கூலியே காசாகக் கிடைக்காத காலமும் நீண்டது. கீழத்தஞ்சையில் நெல்தான் கூலி. அளக்கிற மரக்கால் பண்ணையாருடையது, அளக்கிற கை அவருடைய ஆளுடையது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதற்குப் பின்னால் இருந்தது அந்த நெல் கூலிக்கான போராட்டம்தான். நெல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு யாரும் ஊரை விட்டு ஓடிவிட முடியாது. காசை முந்தானையில் முடிந்துகொண்டு ஓடலாம். வடஆர்க்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போன நம் முன்னோர்கள் அந்தக் காசுக் கூலியைத் தேடித்தான் போனார்கள். (உள்ளூரில் ஒரு குன்றிமணித் தங்கம் போடத் தடை, சுரங்கத்துக்குள் இறங்கித் தங்கம் வெட்டித் தரத் தடையில்லை.) ஆகவே முகம் பார்க்காத பணம் என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல. பண்ணையாரின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லாத காசுதான் நம் மக்களில் பலருக்கு முதல் விடுதலையைத் தந்தது. பிட்காயின்காரர்கள் தெரிந்தோ தெரியாமலோ தொடுவது இந்த நரம்பைத்தான்.

பிட்காயினின் கதை எல்லோருக்கும் ஓரளவு தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்தது. அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் 9 பக்கக் கட்டுரை ஒன்று இணையத்தில் வந்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் யார் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. 2009 ஜனவரி 3 அன்று முதல் பிட்காயின்கள் உருவாயின. வங்கி வைத்திருக்கும் பேரேட்டுக்குப் பதிலாக உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே பேரேட்டின் பிரதிகள். கணக்கைச் சரிபார்த்துச் சேர்ப்பவர்களுக்குக் கூலியாகப் புதுக் காசு. அந்தப் புதுக் காசின் அளவு ஏறக்குறைய நான்காண்டுக்கு ஒருமுறை பாதியாகும். மொத்தம் 2 கோடியே 10 லட்சம் காசுகளுக்கு மேல் எந்த அரசாலும் அச்சடிக்க முடியாது. 2010இல் 10,000 பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கினார் ஒருவர். அப்போது வாங்கி வைத்தவர்கள் இன்று கோடீஸ்வரர்கள் என்பதுதான் ரீல்ஸ்களில் நாம் பார்க்கும் கதை.

இனி நம் கதைக்கு மிக நெருக்கமான இன்னொரு மக்களின் கதை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் வங்கிக் கதை.

1865 மார்ச் 3 அன்று அதிபர் லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களுக்கென்று ஒரு சேமிப்பு வங்கி உருவானது. ஃபிரீட்மன்ஸ் பேங்க் என்று சொல்வார்கள். வாழ்நாளில் முதல்முறையாகக் கூலி வாங்கியவர்கள், அதிலும் முக்கியமாகக் கறுப்பினப் படைவீரர்கள், சில்லறை சில்லறையாக அதில் போட்டார்கள். கணக்குத் தொடங்கும்போது நிரப்பிய பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன. பெயர், வயது, மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர், அதோடு முன்னாள் எஜமானரின் பெயர். அடிமைச் சந்தையில் விற்கப்பட்டுச் சிதறிய குடும்பங்களின் வேர்களைத் தேடுகிறவர்கள் இன்று புரட்டுவது அந்த வங்கியின் ஏடுகளைத்தான். ஒரு வங்கிக் கணக்குப் படிவம் ஒரு மக்களின் குடும்ப வரலாறாகிவிட்டது.

தொடக்கத்தில் அந்த வங்கியின் விதி கறாரானது. மக்களின் பணத்தில் பெரும்பகுதி அரசுப் பத்திரங்களில்தான் இருக்க வேண்டும். 1870இல் விதியைத் தளர்த்தினார்கள். நிலம், கட்டடத்தின் பேரில் கடன் கொடுக்கலாம் என்றானது. வங்கியின் நிதிக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் ஹென்றி குக். அவருடைய அண்ணன் ஜே குக் அந்நாளின் மிகப் பெரிய நிதி முதலாளி. கறுப்பினத்தவரின் சேமிப்பு அவர்களுக்கு வேண்டியவர்களின் தொழில்களுக்குக் கடனாகப் போனது. கணக்கு வைத்திருந்த சலவைத் தொழிலாளியோ உழவரோ கடன் கேட்டு அந்த வங்கிக்குள் போயிருக்க முடியுமா என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். 1873இல் ஜே குக்கின் நிறுவனம் திவாலாகி நெருக்கடி பரவியது. 1874 மார்ச்சில், கறுப்பின மக்கள் தங்கள் தலைவராகப் போற்றிய ஃபிரெடெரிக் டக்ளஸை வங்கிக்குத் தலைவராக்கினார்கள். அவர் தம் சொந்தப் பணம் 10,000 டாலரைப் போட்டுப் பார்த்தார். உள்ளே எதுவும் இல்லை என்று அவருக்குப் புரிவதற்குள் காலம் கடந்திருந்தது. ஜூன் கடைசியில் வங்கி மூடப்பட்டது. 61,000க்கும் மேற்பட்டவர்களுக்கு ஏறத்தாழ 30 லட்சம் டாலர் பாக்கி. பல ஆண்டுகள் இழுத்தடித்துச் சிலருக்கு ஒரு பகுதி கிடைத்தது. பலருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. அரசே பின்னால் நிற்கிறது என்று நம்பித்தான் போட்டிருந்தார்கள். அப்படி நம்பும்படிதான் அவர்களிடம் பேசப்பட்டிருந்தது. பணத்தைவிடப் பெரிய இழப்பு சேமிப்பின் மீதிருந்த நம்பிக்கையே போனதுதான் என்று 1903இல் டுபோய்ஸ் எழுதினார்.

அடுத்த நூற்றாண்டில் 1930களில் அரசு அமைப்பே நகரங்களின் வரைபடத்தை எடுத்துக் கறுப்பினக் குடியிருப்புகளுக்குச் சிவப்பு நிறம் பூசியது. சிவப்புக்குள் இருப்பவர்களுக்கு வீட்டுக் கடன் எட்டாக்கனி ஆனது. ஊர், சேரி என்று கோடு கிழிக்கத் தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தக் காயத்தின் மேல்தான் கிரிப்டோ விளம்பரம் வந்து உட்கார்ந்தது. 2019இல் 'பிட்காயின் அண்ட் பிளாக் அமெரிக்கா' என்றே ஒரு நூல் வந்தது. எழுதியவர் ஐசையா ஜாக்சன் என்ற கறுப்பினத்தவர். வங்கிகள் நம்மைச் சுரண்டின, நாம் வெளியேறுவோம் என்பது அவர் வாதம். அது நேர்மையான வாதம் என்றே நாம் கருதுகிறோம். 2021இல் இயக்குநர் ஸ்பைக் லீ ஒரு பிட்காயின் ஏடிஎம் நிறுவனத்தின் விளம்பரத்தில் தோன்றி, பழைய பணம் நம்மை மிதித்தது, புதிய பணம் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் என்ற பொருளில் பேசினார். 2022 ஜூனில் ராப் பாடகர் ஜே-சி, தான் வளர்ந்த புரூக்ளின் மார்சி குடியிருப்பின் மக்களுக்காக, ட்விட்டர் நிறுவனர்களில் ஒருவரான ஜாக் டோர்சியுடன் சேர்ந்து பிட்காயின் வகுப்பு தொடங்கினார். அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஏரியல், சார்லஸ் ஷ்வாப் நிறுவனங்கள் நடத்திய கணக்கெடுப்பில், முதலீடு செய்யும் கறுப்பினத்தவரில் 25 விழுக்காட்டினர் கிரிப்டோ வைத்திருந்தார்கள். வெள்ளையரில் 15 விழுக்காட்டினர். அதே கணக்கெடுப்பில் இன்னொரு தகவலும் உண்டு. கிரிப்டோவை அரசு கண்காணிக்கிறது என்று நம்பியவர்களின் விகிதமும் கறுப்பினத்தவரிடையே கூடுதலாக இருந்தது. ஃபிரீட்மன்ஸ் பேங்கில் காசு போட்டவர்களின் அதே நம்பிக்கை.

பிறகு நடந்தது தெரிந்ததுதான். 2021 நவம்பரில் 68,000 டாலரைத் தாண்டிய பிட்காயின் ஓராண்டில் 16,000 அளவுக்கு விழுந்தது. 2022 மே மாதம் டெர்ரா-லூனா என்ற காசு சில நாட்களில் காற்றாய்ப் போனது. நவம்பரில் எஃப்டிஎக்ஸ் திவால். ஸ்பைக் லீ விளம்பரம் செய்த நிறுவனமும் 2023 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது.

இங்கே கிரிப்டோ ஆதரவாளர்கள் நம்மை நிறுத்திக் கேட்பார்கள்: விழுந்தது மறுபடி எழுந்ததே, 2024 டிசம்பரில் பிட்காயின் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியதே, விற்காமல் பொறுத்திருந்தால் லாபம்தானே? உண்மை. ஆனால் யாரால் பொறுத்திருக்க முடியும்? சம்பளத்தில் மிச்சம் பிடிப்பவர் மூன்றாண்டு பொறுப்பார். பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியவர், அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தவர், விலை எங்கே இருந்தாலும் விற்றுத்தான் ஆக வேண்டும். நகையை அடகு வைத்து மூழ்கவிட்ட குடும்பங்களுக்கு இது தெரியும். தங்கத்தின் விலை ஏறிக்கொண்டேதான் இருந்தது. ஆனாலும் நகை நம்மிடம் இல்லை.

அவர்களின் வலுவான வாதம் வேறு இடத்தில் இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. 2020 அக்டோபரில் நைஜீரியாவில் சார்ஸ் என்ற காவல் பிரிவின் வன்கொடுமைகளுக்கு எதிராக இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். காயம்பட்டவர்களுக்கு மருத்துவம், கைதானவர்களுக்கு வழக்கறிஞர், போராட்டக் களத்துக்கு உணவு என்று பணம் திரட்டியது ஃபெமினிஸ்ட் கோயலிஷன் என்ற இளம்பெண்களின் குழு. வங்கி வழியாகவும் ஆன்லைன் வழியாகவும் வந்த நன்கொடைகளின் கதவுகள் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டபோது அவர்கள் பிட்காயினுக்கு மாறினார்கள். பணம் வந்தது. அடுத்த மாதமே போராட்டத்தோடு தொடர்புடையவர்களின் வங்கிக் கணக்குகளை நைஜீரிய மத்திய வங்கி நீதிமன்ற ஆணை பெற்று முடக்கியது. 2021 பிப்ரவரியில் கிரிப்டோ பரிமாற்றங்களுக்கு வங்கிகள் சேவை தரக் கூடாது என்றும் உத்தரவிட்டது.

உரிமை அமைப்புகளின் கணக்கு முடக்கம் என்பது நம் நாட்டுச் செயல்பாட்டாளர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயமா என்ன! ஆகவே லாகோசின் அந்தப் பெண்கள் செய்ததை நாம் மதிக்கிறோம். (இதே வழியை 2022 பிப்ரவரியில் கனடாவின் தடுப்பூசி எதிர்ப்பு லாரிக்காரர்களும் எடுத்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்வோம். கருவிக்குக் கொள்கை கிடையாது.) ஆனால் நைஜீரியாவில் பிட்காயின் செய்த வேலை என்ன என்று கவனிக்க வேண்டும். பணத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தியது. யாரையும் பணக்காரராக்கவில்லை. ஆக்குவதாகச் சொல்லவும் இல்லை. ஆம்புலன்சுக்கும் வக்கீலுக்கும் கடைசியில் நைராவாகத்தான் கொடுத்தாக வேண்டும். பணத்தை அனுப்பும் கருவி வேறு, செல்வத்தைச் சேர்க்கும் கருவி வேறு. விற்பனையாளர்கள் முதலாவதைக் காட்டி இரண்டாவதை விற்கிறார்கள். நம் தோழர்கள் பலரும் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள்.

இரண்டும் சேர்ந்து ஒரு நாடு முழுவதற்கும் கிடைத்தால் என்ன ஆகும்? அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். மத்திய அமெரிக்காவின் எல் சால்வடோர், 65 லட்சத்துக்குள் மக்கள் கொண்ட சிறிய நாடு. 2001இலிருந்தே அமெரிக்க டாலர்தான் அங்கே பணம். மக்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்கு வங்கிக் கணக்கு இல்லை. அமெரிக்காவில் கூலி வேலை பார்க்கும் உறவினர்கள் அனுப்பும் பணம் நாட்டின் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். எளியவர்களுக்கு கிரிப்டோ உதவுமா என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. அதிபர் நயீப் புகேலே 2021 ஜூனில் சட்டம் கொண்டுவந்தார். 84 உறுப்பினர்களில் 62 பேர் ஆதரித்தார்கள். செப்டம்பர் 7 முதல் பிட்காயினும் சட்டப்பூர்வப் பணம். தொழில்நுட்ப வசதி உள்ள கடைக்காரர்கள் யாரும் வாங்க மறுக்கக் கூடாது. சீவோ என்ற அரசு செயலியைத் தரவிறக்கினால் 30 டாலர் இலவசம். எதிர்த்து ஊர்வலங்கள் நடந்தன. அமல் நாளன்றே பிட்காயின் விலை ஆயிரக்கணக்கான டாலர் சரிந்தது. அடையாள எண்ணைத் திருடி யாரோ தங்கள் 30 டாலரை எடுத்துவிட்டார்கள் என்று நூற்றுக்கணக்கானோர் புகார் கொடுத்தார்கள்.

அல்வாரெஸ், அர்ஜெண்டே, வான் பாட்டன் என்ற மூன்று பொருளியல் ஆய்வாளர்கள் 1,800 குடும்பங்களை நேரில் சந்தித்து ஆய்வு செய்தார்கள். பெரும்பாலோர் அந்த 30 டாலருக்காகவே செயலியை இறக்கினார்கள், அதைச் செலவழித்ததும் விட்டுவிட்டார்கள். தொடர்ந்து பயன்படுத்தியவர்கள் யார்? ஏற்கெனவே வங்கிக் கணக்கு உள்ளவர்கள், படித்தவர்கள், இளைஞர்கள், ஆண்கள். யாருக்காக என்று சொல்லப்பட்டதோ அந்த ஏழைப் பெண்கள், முதியவர்கள், கணக்கில்லாதவர்கள் ரொக்கத்தோடு நின்றுகொண்டார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் கிரிப்டோ வாலட்டுகள் வழியாக வந்தது 2 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. சுதந்திரப் பணம் என்று சொல்லப்பட்ட அதே நாட்டில் 2022 மார்ச்சில் அவசரநிலை வந்து பல்லாயிரக்கணக்கானோர் சிறைக்குள் போனார்கள். பிட்காயின் அதைத் தடுக்கவில்லை. 2024 டிசம்பரில் சர்வதேச நாணய நிதியத்துடன் 140 கோடி டாலர் கடனுக்கான உடன்பாடு. அதன் நிபந்தனைப்படி 2025 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தி, கடைக்காரர்கள் கட்டாயம் வாங்க வேண்டும் என்ற விதியை நீக்கினார்கள். இதற்கு நடுவில் விலை ஏறியதால் அரசு வாங்கி வைத்திருந்த பிட்காயினின் மதிப்பு உயர்ந்தது. புகேலேயின் ஆதரவாளர்கள் அதைக் காட்டி வெற்றி என்கிறார்கள். 30 டாலரை அன்றே அரிசிக்கும் பருப்புக்கும் செலவழித்த வீட்டுக்கு அந்த உயர்வில் பங்கில்லை.

இப்போது பாபாசாகேபிடம் வருவோம். அவர் ஒரு பொருளியல் அறிஞர் என்பதை நம் மேடைகளே பல நேரம் மறந்துவிடுகின்றன. 'ரூபாயின் பிரச்சினை' என்ற அவருடைய ஆய்வு 1923இல் லண்டனில் நூலாக வந்தது. லண்டன் பொருளியல் பள்ளியில் முனைவர் பட்டம் பெற்றுத் தந்த ஆய்வு அது. ரிசர்வ் வங்கியை அம்பேத்கரே உருவாக்கினார் என்று ஏப்ரல் மாதந்தோறும் வாட்சப்பில் சுற்றும் படம் கொஞ்சம் மிகை. அந்த வங்கியைப் பரிந்துரைத்தது ஹில்டன் யங் ஆணையம். 1925 டிசம்பரில் பாபாசாகேப் அதன் முன் சாட்சியம் அளித்தார். மிகையில்லாமலே அந்தச் சாட்சியம் மகத்தானது.

அந்த நூலைப் படித்த சிலர், அம்பேத்கர் இன்றிருந்தால் பிட்காயினை ஆதரித்திருப்பார் என்கிறார்கள். அதில் ஒரு பாதி நியாயம் உண்டு. ரூபாயை விருப்பம்போல் வெளியிடும் அதிகாரம் அரசின் கையில் இருப்பதை அவர் நம்பவில்லை. அந்நாளில் அந்த ஏற்பாட்டை ஆதரித்த கெய்ன்ஸையே எதிர்த்து எழுதினார். ரூபாயின் அளவுக்கு ஒரு நிலையான வரம்பு வேண்டும் என்றார். வரம்பு என்றதும் 2 கோடியே 10 லட்சம் நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் அவர் வரம்பு கேட்டது எதற்காக? பணத்தின் வாங்கும் சக்தி நிலையாக இருக்க வேண்டும் என்பதற்காக. இன்று ஒரு ரூபாய்க்கு வாங்கும் அரிசியை அடுத்த மாதமும் அதே ரூபாய்க்கு வாங்க வேண்டும் என்பதற்காக. பிட்காயினில் வரம்பு இருக்கிறது, நிலைத்தன்மை இல்லை. ஓராண்டில் நான்கில் ஒன்றாகச் சரிகிற ஒன்றில் யாருக்கும் கூலி பேச முடியாது.

ஆணையத்தின் முன் அவர் சொன்ன இன்னொன்று நமக்கு இன்னும் முக்கியம். ரூபாயின் மாற்று விகிதம் 1 ஷில்லிங் 4 பென்ஸா, 1 ஷில்லிங் 6 பென்ஸா என்பது அன்றைய பெரிய சண்டை. பம்பாய் முதலாளிகள் குறைந்த விகிதம் கேட்டார்கள். ஏற்றுமதி பெருகும், நாடே செழிக்கும் என்றார்கள். ஆணையத்தில் உறுப்பினராக இருந்த தொழிலதிபர் புருஷோத்தம்தாஸ் தாக்கூர்தாஸ் அதற்காக மாற்றுக் குறிப்பே எழுதினார். 1930இல் காந்தியார் வைசிராயிடம் வைத்த 11 கோரிக்கைகளிலும் அது இருந்தது. தேசநலன் என்றாலே அதுதான் என்ற நிலை. பாபாசாகேப் அந்தப் பக்கம் நிற்கவில்லை. குறைந்த விகிதம் உள்நாட்டில் விலைவாசியை ஏற்றும். கூலி அந்த வேகத்தில் ஏறாது. ஆகவே இந்த லாபம் வெளியிலிருந்து நாட்டுக்கு வரும் லாபம் ஆகாது, நாட்டுக்குள்ளேயே ஒரு வர்க்கத்திடமிருந்து எடுத்து இன்னொரு வர்க்கத்துக்குக் கொடுப்பது என்று விளக்கினார். எல்லோருக்கும் நன்மை என்று ஒருவர் சொல்லும்போது, அந்த நன்மை எங்கிருந்து வருகிறது என்று கேட்டார்.

அதே கேள்வியைக் கிரிப்டோவிடம் கேட்போம். நிலம் விளைச்சல் தரும். ஆலை பொருள் செய்யும். பிட்காயின் சும்மா இருக்கும். அதில் ஒருவருக்கு வரும் லாபம் பின்னால் வந்து கூடுதல் விலைக்கு வாங்கும் இன்னொருவரின் பணம். முன்னால் இருப்பவர்கள் யார்? மக்காரோவ், ஷோவர் என்ற ஆய்வாளர்களின் கணக்குப்படி 2020 முடிவில் வெறும் 10,000 தனியாட்கள் புழக்கத்திலிருந்த பிட்காயினில் நான்கில் ஒரு பங்குக்கும் மேலாக, சுமார் 50 லட்சம் காசுகளை வைத்திருந்தார்கள். பின்னால் வருபவர்கள் யார்? 95 நாடுகளில் செயலித் தரவிறக்கங்களை வைத்துச் சர்வதேசத் தீர்வு வங்கி 2022இல் மதிப்பிட்டதில், சிறு முதலீட்டாளர்களில் நான்கில் மூவர் அளவுக்கு நட்டமடைந்திருப்பார்கள் என்று தெரிந்தது. விலை ஏறும்போதுதான் அவர்கள் நுழைந்தார்கள். சரிந்தபோது சிறியவர்கள் வாங்கினார்கள், பெரியவர்கள் விற்றார்கள்.

கடனாளிகள் கோணத்திலிருந்தும் ஒரு வார்த்தை. அளவு வரம்புக்குட்பட்டு மதிப்பு ஏறிக்கொண்டே போகும் பணம் கையிருப்பு உள்ளவருக்கு இனிக்கும். கடன் வாங்கியவர் கழுத்தை நெரிக்கும். 1929க்குப் பிறகு நெல் விலை விழுந்தபோது தமிழக உழவர்கள் அதைத்தான் அனுபவித்தார்கள். விலை விழுந்தது, கடன் விழவில்லை. 1938இல் சென்னை மாகாண அரசு கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. அரசு தலையிட முடியாத பணம் என்பதை ஒரு பெருமையாகச் சொல்கிறார்களே, அந்தப் பணத்தில் கடன்பட்டவருக்கு நிவாரணச் சட்டம் போட யாரால் முடியும்? நம் மக்களில் சேமிப்பாளர்கள் அதிகமா, கடனாளிகள் அதிகமா என்று யாரும் கணக்கெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தியாவில் நிலைமை எப்படி? 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, கிரிப்டோ தொழிலுக்கு வங்கிகள் சேவை தரக் கூடாது என்றது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. 2022 பட்ஜெட்டில் லாபத்துக்கு 30 விழுக்காடு வரி வந்தது. அந்த வரியில் அடிப்படை விலக்கு வரம்பு செல்லாது. ஒரு காசில் வந்த நட்டத்தை இன்னொரு காசின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. அதாவது 5,000 ரூபாய் லாபம் பார்த்த விடுதி மாணவருக்கும் 5 கோடி லாபம் பார்த்தவருக்கும் ஒரே 30 விழுக்காடு. சமத்துவம் என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது! வங்கி வைப்புக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. கிரிப்டோ வாலட்டுக்கு எதுவும் இல்லை. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் தளத்திலிருந்து 23 கோடி டாலருக்கும் மேல் திருடு போனபோது, பயனர்கள் தங்கள் பணத்தை எடுக்க முடியாமல் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

அரசைத் திட்டிக்கொண்டே அரசின் பாதுகாப்பை எதிர்பார்ப்பது முரண் என்று சிலர் நம்மைக் கேலி செய்யலாம். நாம் திட்டுவது கதவை அடைத்ததற்காக. வேறு கட்டடத்துக்குப் போய்விடு என்பது அதற்குப் பதிலாகாது. போராட்டக் காலத்தில் பணம் அனுப்ப ஒரு மாற்று வழியாக பிட்காயினைக் கற்று வைத்திருக்கும் தோழர்களை நாம் தடுக்கப் போவதில்லை. கல்வி உதவித்தொகையை எடுத்து, "உனக்குக் கீழே மூன்று பேரைச் சேர், மாதம் பத்து சதவீதம்" என்று ஏதோ ஒரு காயினில் போடச் சொல்பவர்களைத் தடுப்போம். அது பிட்காயின்கூடக் கிடையாது, பழைய சங்கிலித் திட்டம்.

அடைத்த கதவைப் பற்றி ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 2016இல் தொடங்கப்பட்டு 2025 வரை நடைமுறையில் இருந்த ஸ்டாண்ட்-அப் இந்தியா திட்டத்தின்படி, ஒவ்வொரு வங்கிக் கிளையும் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் ஒருவருக்காவது, பெண் ஒருவருக்காவது 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை தொழில் கடன் தர வேண்டியிருந்தது. உங்கள் ஊரில் உள்ள பொதுத்துறை வங்கிக் கிளை இதுவரை எத்தனை விண்ணப்பங்களை வாங்கியது, எத்தனையை நிராகரித்தது, எத்தனை பேருக்குக் கடன் கொடுத்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். பதில் கிடைத்தவர்கள் எங்களுக்கு அனுப்புங்கள். மாவட்ட வாரியாகத் தொகுத்து வெளியிடுகிறோம்.